மாடிச் சோலார் பராமரிப்பு: மதுரை வட்டாரத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

மதுரையைச் சுற்றியுள்ள வீடுகளில் சோலார் பொருத்தியும் பழுது பார்த்தும் வருகிறவன் என்ற முறையில், நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மேலூர்): ஐயா, எங்கள் பக்கம் கல் தூசி அதிகம் என்பதால் வாரந்தோறும் போர்த் தண்ணீரால் பேனல்களைக் கழுவுகிறோம். ஆனாலும் கண்ணாடி வெள்ளை பூத்துவிட்டது. சோப்புப் போடலாமா?

பதில்: உங்கள் பேனலைக் கெடுப்பது தூசியன்று, தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் சூடான கண்ணாடியில் நொடியில் காய்ந்து சுண்ணாம்பைப் படியவைக்கும். முதல் ஆண்டில் நானும் என் வீட்டில் காலை பதினொரு மணி வெயிலில் போர்த் தண்ணீரை அடித்தேன். கீழ்ச்சட்டத்தை ஒட்டி விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்தது. அதைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் சுரண்டியதில் கண்ணாடியின் மேற்பூச்சில் விழுந்த கீறல்கள் சாய்வெயிலில் இன்றும் தெரிகின்றன. ஆகவே விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது, மழைநீரோ குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ கொண்டு, மெல்லிய துணி சுற்றிய மாப்பால் துடையுங்கள். ஏற்கெனவே படிந்த கறைக்கு வினிகரில் நிறைய நல்ல தண்ணீர் கலந்து, ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்த்த பிறகு பயன்படுத்தலாம். கழிப்பறை கழுவும் ஆசிட் அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும். சோப்பும் வேண்டாம், அதன் பிசுபிசுப்பில் தூசி இன்னும் வேகமாக ஒட்டும். ஆடிக் காற்று வீசும் நாட்களில் பத்து நாளைக்கு ஒருமுறை துடைத்தால் போதும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அந்த வேலையை வானமே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (திருமங்கலம்): 3 கிலோவாட் சோலார், தெற்குப் பார்த்த பேனல்கள். மாசியில் நாளுக்கு 13 யூனிட் வரை வந்தது; வைகாசியில் 9 யூனிட்டைத் தாண்டவில்லை. வெயில் கூடும்போது மின்சாரமும் கூட வேண்டாமா?

பதில்: பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சமே தவிர வெப்பமன்று. அதன் திறன் 25 டிகிரியில் அளந்து குறிக்கப்படுகிறது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும். கோடை நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் எட்டில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் உங்களுக்கு இழப்பு அதைவிடப் பெரியது. எனவே நிழலைத் தேடுங்கள். மதுரை 10 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நகர்கிறது. மார்கழியில் வந்து இடம் பார்த்தவர்கள் தெற்கே மரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பார்கள். வடகிழக்கில் இருக்கும் மாடிப்படி அறையின் நிழல் வைகாசிக் காலையில் பேனல் மேல் விழும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் மூலையில் விழும் நிழலும் அந்த வரிசையின் உற்பத்தியை இழுத்துவிடும். பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் செயலியில் மணிவாரி வரைபடத்தைப் பாருங்கள். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பள்ளம் விழுந்தால் நிழல். நாள் முழுதும் தாழ்ந்திருந்தால் அழுக்கு அல்லது இணைப்புக் கோளாறு. நிழல் என்று உறுதியானால், அந்த ஒன்றிரண்டு பேனல்களை மட்டும் இடம் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (விளாங்குடி): பட்டப்பகலில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. இது பழுதா?

பதில்: பழுதன்று. பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு ஓடும் இன்வெர்ட்டர் அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லையேல் உங்கள் பேனலின் மின்சாரம் வெளிக் கம்பிக்குள் பாய்ந்து, கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி (உசிலம்பட்டி): எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டுமா?

பதில்: கோடையில் கட்டாயம் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் தரைத்தடை, அதாவது கசியும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்குவதற்கு உள்ள தடை, ஏறிவிடும். ஐப்பசி இடி தொடங்குமுன் எலெக்ட்ரீசியனிடம் சொல்லி அதை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கேள்வி (அழகர்கோவில் சாலை): குரங்குகள் ஒயரை இழுக்கின்றன, பேனலுக்கடியில் புறா கூடு கட்டுகிறது.

பதில்: தொங்கும் ஒயர் முழுவதையும் குழாய்க்குள் விட்டு, குழாயைச் சட்டத்தோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். புறாவுக்குப் பேனலின் நான்கு பக்கமும் கம்பிவலை அடிக்கலாம். வலையைச் சட்டத்தில் கவ்வவிட வேண்டுமே தவிர, சட்டத்தில் துளை போடக் கூடாது, உத்தரவாதம் போய்விடும். எச்சத்தை அன்றன்றே ஈரத்துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். நாள்பட விட்டால் அது மறைத்த இடம் சூடேறிக் கருகும். வலை அடிக்குமுன் உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.