மோர்ப் பந்தலும் பத்து ரூபாயும்

வணக்கம் சார்,

உங்கள் பதிவுகளை விடாமல் வாசிப்பவன் என்பதால் உரிமையோடு ஒரு குறை சொல்கிறேன். ஊரே கூட்டணிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. நீங்களோ ஒரு வாரம் கத்திரி வெயில், மறு வாரம் பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையின் விலைப் பலகை என்று எழுதுகிறீர்கள். கட்சி அரசியல் எழுதத் தயக்கமா, பயமா?

இன்னொரு சந்தேகம். 1867-ஆம் வருடச் சட்டப்படி எந்த ஓட்டலுக்குள்ளும் போய் யாரும் இலவசமாகக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம், தடுத்தால் கேஸ் போடலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கரூர்)

அன்புள்ள நண்பருக்கு,

சந்தேகத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம். 1867-ல் அப்படி ஒரு சட்டம் வந்தது உண்மை. பெயர் சராய் சட்டம். சராய் என்றால் வழிப்போக்கர்கள் தங்கும் சத்திரம். சத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும், அறையையும் தாழ்வாரத்தையும் வடிகாலையும் கிணற்றையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. தெருவில் போகிற யாருக்கும் கழிப்பறையைத் திறந்துவிடு என்ற வரி அதில் இல்லை. அதை நம்பி ஓட்டல் கல்லாவில் சட்டம் பேசிவிடாதீர்கள். தெற்கு தில்லி மாநகராட்சி 2017 ஏப்ரலிலிருந்து அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. ஓட்டல்காரர்கள் பொதுமக்களை அனுமதிக்க வேண்டும், வேண்டுமானால் 5 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று. அது தில்லி கதை. நம் ஊரில், ஒரு காபி சொல்லிவிட்டு உள்ளே போவதுதான் மரியாதை. காபியும் குடித்துவிட்டால் அடுத்த ஊரில் இன்னொரு காபி சொல்ல வேண்டிவரும், அது வேறு விஷயம்.

சரி, அரசியலுக்கு வருவோம். நான் எழுதியது அரசியல் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

கரூர்க்காரரான உங்களுக்கு வெயிலைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஏப்ரல் பிறந்தால் வானிலைச் செய்தியில் கரூர் பரமத்தி, ஈரோடு, வேலூர், திருத்தணி என்று அதே பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். மே 4-ல் கத்திரி தொடங்குவதற்குள்ளேயே பாதிப் பேர் வதங்கிவிடுவார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. அதில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். சாகாமல் இருக்கத் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை. எல்லா அரசும் சொல்லும், எல்லா டாக்டரும் சொல்வார்கள். சரியான அறிவுரைதான்.

கட்சிக்காரர்களும் தங்கள் பங்குக்கு நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். நான் இதைக் கிண்டல் செய்ய மாட்டேன். வெயிலில் ஒரு டம்ளர் மோர் கொடுப்பவன் எந்தக் கொடி கட்டியிருந்தாலும் புண்ணியவான். தலைவர் படம் பானையைவிடப் பெரிதாக இருக்கும், தர்ப்பூசணி முதல் நாள் போட்டோவுக்கு மட்டும் வரும், மூன்றாம் நாள் பானை காலியாகக் கிடக்கும், எல்லாம் தெரிந்ததுதான். என் கேள்வி அது இல்லை. உள்ளே போகிற தண்ணீருக்கு எல்லாக் கட்சியும் பந்தல் போடுகிறது. அது வெளியே வர வேண்டாமா?

போன மே மாதம் ஒரு பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றேன். ஊர் பெயர் எதற்கு, எல்லா ஊரும் அப்படித்தான். கழிப்பறை வாசலில் ஒரு மர மேசை, அதன் மேல் சில்லறை போடும் எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் பாதி எரிந்த ஊதுபத்தி. பின்சுவரில் நீல பெயிண்டில் கட்டண விவரம். ‘சிறுநீர் கழிக்க’ என்பது வரை தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்து இருக்க வேண்டிய எழுத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். ‘இலவசம்’ என்று நீளமாக இருந்ததா, ஓர் எண் மட்டும் இருந்ததா என்பதைச் சுரண்டலின் அகலத்தை வைத்து நீங்களே ஊகிக்கலாம். உட்கார்ந்திருந்தவர் வருகிற ஆண்களை நிமிர்ந்து பார்க்காமலே “ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?” என்று கேட்டு, அதற்குத் தகுந்த மாதிரி வாங்கினார். பெண்களிடம் அந்தக் கேள்வியே கிடையாது. எதற்குப் போனாலும் பத்து ரூபாய்.

டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாள், அறுபது வயதிருக்கும், முந்தானை முடிச்சை அவிழ்த்தபடியே கேட்டார்: “பஸ்ஸுக்கே காசு இல்லங்கிறாங்க, இதுக்குப் பத்து ரூவாயா?”

2021 மே மாதம் ஆட்சிக்கு வந்த அன்றே ஸ்டாலின் கையெழுத்துப் போட்ட உத்தரவுகளில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் ஒன்று. அந்த அம்மாளை வீட்டிலிருந்து ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்தது அந்த உத்தரவுதான். நல்ல காரியம். ஆனால் ஊருக்குள் வந்தவர் வீடு திரும்பும் வரைக்கும் ஐந்தாறு மணி நேரம் ஆகுமே, அந்த நேரத்துக்கு யார் கணக்குப் போட்டது? அவர் முடிச்சை மறுபடி கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். அப்படிப் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். காலையில் கிளம்பும்போதே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பந்தலில் மோர் கொடுத்தாலும் வேண்டாம் என்பார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் கோடையில் கூடுவதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை.

மேசைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். “நான் ஏலம் எடுத்தவன் இல்ல சார், சம்பளத்துக்கு உக்காந்திருக்கேன். சாயங்காலம் இவ்வளவு கட்டணும்னு கணக்கு” என்றார். அவரைத் திட்டி என்ன பயன்? நகராட்சி ஏலம் விடும். ஏலத்தில் போட்டி போட்டுத் தொகையை ஏற்றி எடுப்பவர், அந்தத் தொகையைப் பத்துப் பத்தாக வாசலில் திரும்ப எடுப்பார். அவர் எந்தக் கட்சி என்று நான் சொல்லவில்லை. ஆட்சி மாறும்போது மேசைக்குப் பின்னால் தொங்கும் காலண்டரும் மாறுகிறதா என்று அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட கட்சி அரசியல் அந்தக் காலண்டரில் இருக்கிறது.

மழைக்காலம் வந்தால் இன்னொரு கூத்து. ஐப்பசி அடைமழையில் செப்டிக் டேங்க் நிரம்பிவிடும், கதவில் பூட்டு. கோடையில் தண்ணீர் வரவில்லை என்று பூட்டு, மழையில் தண்ணீர் அதிகம் என்று பூட்டு. நடுவில் மார்கழி, தை இரண்டு மாதம் திறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், செய்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து வெகு தூரம் இல்லை, முசிறி. அங்கே ஒரு சமுதாயக் கழிப்பறையில் சிறுநீரைத் தனியாகப் பிரித்துச் சேர்த்தார்கள், அது வயலுக்கு உரம். அதனால் வந்து போகிறவர்களிடம் காசு வாங்காமல், அவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். சில பைசாக்கள்தான், இருந்தாலும் மேசை எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

தேர்தல் ஆணையத்துக்கும் இது தெரியும். வாக்குச்சாவடியில் இருந்தே ஆக வேண்டிய வசதிகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: சாய்தளம், குடிநீர், நிழல், மின்சாரம், கழிப்பறை. 2024-ல் நமக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, நல்ல வெயில். அன்றைக்கு நான் ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவி, வாளியில் தண்ணீர் நிரப்பி, புது மக் வைத்திருந்தது. யாரும் காசு கேட்கவில்லை. மறுவாரம் அதே வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். மக் இல்லை.

இதைவிடக் கட்சி அரசியலாக எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுவிட்டேன். அந்த பஸ் ஸ்டாண்டு வாசலில் அன்றைக்கு ஒரு மோர்ப் பந்தல் இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு, துண்டு போட்டிருந்த வட்டச் செயலாளரிடம் கேட்டேன்: “அண்ணே, இதைக் குடிச்சிட்டு எங்கே போறது?” அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார். அப்புறம் எதிர்ப்பக்கம் கையை நீட்டி, “பெட்ரோல் பங்க் இருக்கு பாருங்க, நம்ம பேரைச் சொல்லிட்டுப் போங்க” என்றார். சொல்லிவிட்டு டம்ளரை வாங்கி மறுபடி நிரப்பினார்.

அன்புடன்.