புது டாங்கி வேண்டுமா? எஞ்சினிலிருந்து தொடங்குவோம்

வணக்கமுங்க. கோவை கணபதியில சின்னதா ஒரு பவுண்டரி வெச்சிருக்கறேன். பழைய டி-72க்குப் பதிலா ராணுவம் புதுசா டாங்கி செய்யப்போகுதுன்னு படிச்சேன். உக்ரைன்ல அரை லட்ச ரூபா ட்ரோன் பல கோடி ரூபா டாங்கியை எரிச்சுப் போடுதே, இன்னும் எதுக்குங்க இது?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டும் என்பதே என் பதில். ட்ரோன் எரிக்கும்; பிடித்த இடத்தைக் காத்து நிற்காது. குண்டுச் சிதறல் பறக்கும் வெட்டவெளியைக் கடந்துபோய்ப் பதுங்குகுழியை நேராகச் சுட வேறு வண்டி இல்லை. உக்ரைனில் இரு தரப்புமே டாங்கியைக் கைவிடவில்லை.

அங்கே டி-72இன் பீரங்கிக் கோபுரம் பிய்ந்து பறக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் உட்காரும் இடத்துக்கு அடியிலேயே 22 குண்டுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். மீதிக் குண்டுகள் வண்டிக்குள் அங்கங்கே இருக்கும். மேல்தகடோ மெல்லியது. அதைத் துளைத்த தீ வெடிமருந்தைத் தொட்டுவிட்டால் உள்ளே இருக்கும் மூவருக்கும் தப்ப நேரமில்லை. வெடிமருந்தைத் தனி அறையில் வைத்து, வெடித்தால் வெளிப்பக்கம் திறந்துகொள்ளும் தகடு போடுவது பழைய வண்டியில் ஒட்டுப்போட்டுச் செய்கிற வேலையல்ல. புது வண்டி கேட்க எனக்கு இந்த மூன்று உயிர்களே முதல் காரணம்.

ஆனால் எடையை முதலில் பூட்டிவிட வேண்டும். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி கட்டுபவர்களுக்கு இது தெரியும்: கம்ப்ரசரைப் பெரிதாக்கினால் சேசிஸ், ஸ்பிரிங் பட்டை, ஆக்சில் எல்லாம் கூடவே மாறும். 1974இல் ஒப்புதல் பெற்ற நம் அர்ஜுன் டாங்கி, 105 மி.மீ. பீரங்கியோடு 40 டன் அளவில்தான் நினைக்கப்பட்டது. பீரங்கி 120 மி.மீ. ஆனது, கவசம் கூடியது. உற்பத்தி வண்டி ஆவடியிலிருந்து 2004இல் வெளிவந்தபோது 58.5 டன். அடுத்த வடிவமான மார்க் 1ஏ 68 டன். எஞ்சின் அதே 1,400 குதிரைத்திறன். டன்னுக்கு 24 குதிரைத்திறன் இருந்தது 20.6 ஆகிவிட்டது. பாலம், டிரெய்லர், ரயில் வேகன் எல்லாமே எடையோடு சண்டை போடுகின்றன. ராணுவம் பாதியில் தேவையை மாற்றியதும் வடிவமைப்பாளர்கள் மறுக்காததும் சேர்ந்து செய்த தவறு இது.

இரண்டாவது, எஞ்சினும் கியர்பாக்ஸும். அர்ஜுனில் இரண்டும் ஜெர்மனியிலிருந்து வந்தவை. 25 டன் இலகு டாங்கியான ஜோராவரிலும் ஜெர்மன் எஞ்சின் தாமதமாகி, அமெரிக்கக் கம்மின்ஸை வைத்தார்கள். ஆவடி ஆய்வகம் வடிவமைத்த 1,500 குதிரைத்திறன் எஞ்சின் 2024 மார்ச்சில்தான் மைசூருவில் முதன்முதலாகச் சோதனை மேடையில் ஓடியது. அது ராஜஸ்தான் மணலில் ஆயிரம் மணி நேரம் தாங்கிய பிறகே வண்டியின் கடைசி வரைபடத்தைப் பூட்ட வேண்டும். ஏர் ஃபில்டரைத் தாண்டும் பொடி மணல், சிலிண்டரின் உள்சுவரான லைனரைத் தேய்க்கும், கம்ப்ரஷன் இறங்கும், புகை கக்கும். இது மேடைச் சோதனையில் தெரியாது.

உங்கள் தொழில் இங்கேதான் வருகிறது. இந்த அளவு எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் தண்ணீர் போகும் வழிக்கு வைக்கும் மணல் அச்சு, அதாவது கோர், இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலியும். வெளியே பளபளவென்று இருக்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடும். எந்த உருக்கலில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பர் ஒவ்வொரு வார்ப்பிலும் இருக்க வேண்டும். கூடவே வலிமை பார்க்க டெஸ்ட் பார், உலோகக் கலவை காட்டும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட், எக்ஸ்ரே. பம்ப் பாடிக்கு இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் பாதுகாப்புத் தொழில் மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே போகும்போது, நீங்கள் வார்த்த ஹெட் ஒன்றைக் குறுக்கே அறுத்து, சுவர் கனத்தை நாலு இடத்தில் அளந்து எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.