கோல்ஸ்லா ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விடுகிறது: பதில்

கோல்ஸ்லா, அதாவது மயோனைஸ் கலந்த முட்டைக்கோஸ் சாலட், தண்ணீர் விட்டால் மயோனைஸை இன்னும் கூட்டாதீர்கள். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் முட்டைக்கோஸிலிருந்து வருவது. டிரெஸ்ஸிங்கின் (கோஸில் கலக்கும் மயோனைஸ் கலவையின்) உப்பும் சர்க்கரையும் அதை வெளியே இழுக்கின்றன.

உறுதிசெய்ய, கோஸில் கலக்கும் முன் டிரெஸ்ஸிங்கில் 2 ஸ்பூன் தனியாக எடுத்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் கெட்டியாக இருந்தால் கோஸ்தான் காரணம்.

அரை கிலோ நறுக்கிய கோஸில் ஒன்றரை டீஸ்பூன் உப்பைப் பிசறி, ஒரு மணி நேரம் வடிதட்டில் வையுங்கள். அலசி, துணியில் கட்டி நன்றாகப் பிழியுங்கள். இதை அரைகுறையாகச் செய்தால் பழைய கதைதான்.

டிரெஸ்ஸிங்குக்கு அரை கப் மயோனைஸ், 1 மேசைக்கரண்டி வினிகர், 2 டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் மிளகுத்தூள் போதும். உப்பு கடைசியில், ருசி பார்த்து மட்டும்.

தனியாக வைத்ததிலேயே எண்ணெய் பிரிந்தால் மயோனைஸ் திரிந்துவிட்டது. அதற்கு இந்த வழி உதவாது.