கடைசி இரண்டு ஆப்ஷன்களில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு

ஐந்து ஆப்ஷன்களில் மூன்றைத் தவறு என்று சுலபமாக அடித்துவிடுகிறேன், மிச்சம் இரண்டில் எப்போதும் தவறானதையே எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கிரிட்டிகல் ரீசனிங்கோடு, அதாவது ஒரு சிறு பத்தியில் இருக்கும் வாதத்தை எடைபோடச் சொல்லும் தேர்வுக் கேள்விகளோடு, மல்லுக்கட்டுகிற பலரும் சொல்வது இதைத்தான். கோளாறு பெரும்பாலும் ஆப்ஷன்களைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பத்தியின் முடிவு எது, அதற்குக் காட்டும் ஆதாரம் எது என்று பிரித்துப் பார்க்காமல் ஆப்ஷன்களுக்குப் போனால், ஐந்துமே ஏதோ ஒரு வகையில் நியாயமாகத் தெரியும். அப்படித் தெரியும்படி எழுதுவதுதானே கேள்வி தயாரிப்பவரின் வேலை!

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் வாரத்தில் 2 நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அனுமதித்தது. அடுத்த ஆண்டு ஊழியர்கள் எடுத்த மருத்துவ விடுப்பு பாதியாகக் குறைந்தது. ஆகவே, இந்த ஏற்பாடு ஊழியர்களின் உடல்நலத்தை மேம்படுத்தியிருக்கிறது. இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்பது கேள்வி.

ஆதாரம் விடுப்பைப் பற்றிப் பேசுகிறது. முடிவோ உடல்நலத்துக்குத் தாவிவிட்டது. நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைப் பார்த்த பிறகே ஆப்ஷன்களுக்குப் போங்கள்.

அ. லேசான காய்ச்சல் இருந்தாலும், வீட்டிலிருக்கும் நாள்களில் ஊழியர்கள் விடுப்பு போடாமல் வேலை பார்த்துவிடுகிறார்கள்.
ஆ. வீட்டிலிருந்து வேலை செய்தால் முதுகுவலி வரக்கூடும் என்று சில மருத்துவர்கள் சொல்கிறார்கள்.
இ. இந்த ஏற்பாட்டால் நிறுவனத்தின் மின்கட்டணம் குறைந்தது.
ஈ. பயண நேரம் மிச்சமானதால் ஊழியர்கள் கூடுதலாகத் தூங்குகிறார்கள்.
உ. பல ஊழியர்கள் அலுவலகத்தில் வேலை செய்வதையே விரும்புகிறார்கள்.

இ, உ இரண்டுக்கும் முடிவோடு சம்பந்தமே இல்லை. ஈ வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது. கேள்வியை மறந்து அவசரத்தில் படிப்பவர்களுக்காக வைத்த வலை அது. இப்போது அ, ஆ. நீங்கள் தடுமாறுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆ உடல்நலத்தைப் பற்றிப் பேசுகிறது, கெட்டதைச் சொல்கிறது, அதனால் பலவீனப்படுத்துவதுபோல் தோன்றுகிறது. ஆனால் யாரோ சில மருத்துவர்கள் 'வரக்கூடும்' என்று சொன்னதால், இந்த ஊழியர்களுக்கு முதுகுவலி வந்துவிட்டதா? வந்திருந்தாலும், விடுப்பு ஏன் பாதியானது என்பதற்கு அது பதில் சொல்கிறதா? அ சொல்கிறது. நோய் அப்படியேதான் இருக்கிறது, விடுப்பு போடும் பழக்கம்தான் மாறியிருக்கிறது என்று ஓட்டையில் நேராகக் கைவைக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆப்ஷன் அ உண்மையில் நடக்குமா என்று ஆராய வேண்டியதில்லை. பலப்படுத்து, பலவீனப்படுத்து வகைக் கேள்விகளில் ஆப்ஷனை உண்மை என்றே வைத்துக்கொண்டு, அதனால் முடிவு அசைகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். வாதம் முழுசாகச் சரிந்து விழ வேண்டிய அவசியமும் இல்லை, கொஞ்சம் ஆட்டம் கண்டாலே போதும். பொது அறிவு அதிகம் உள்ளவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

'எல்லோரும்', 'ஒருபோதும்' போன்ற சொற்கள் வந்தாலே அந்த ஆப்ஷனை அடித்துவிடு என்று ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. பத்தியிலிருந்து நிச்சயமாகப் பெறப்படுவது எது என்று கேட்கும்போது அது உதவும். பத்தி சொல்லாத அளவுக்கு ஆப்ஷன் பேசக் கூடாது, 'சிலராவது' என்று அடக்கமாகப் பேசுவதே பெரும்பாலும் தப்பிக்கும். பலவீனப்படுத்தும் கேள்வியில் இதே விதியைப் பிடித்துக்கொண்டால் சரியான விடையையே தூக்கி எறிந்துவிடுவீர்கள். அங்கே ஆப்ஷன் எவ்வளவு அழுத்தமாக அடிக்கிறதோ அவ்வளவு நல்லது.

வாதம் எதை அனுமானித்துக்கொள்கிறது என்று கேட்டால், ஆப்ஷனை மறுத்துப் பாருங்கள். மேலே உள்ள வாதத்துக்கு, 'உடம்பு சரியில்லாமலேயே வேலை பார்ப்பவர்கள் அதிகரிக்கவில்லை' என்று ஓர் ஆப்ஷன் இருப்பதாக வையுங்கள். மறுத்தால் 'அதிகரித்துவிட்டார்கள்' என்றாகும், முடிவு நிற்காது. ஆகவே அது தேவையான அனுமானம். மறுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை: 'எல்லோரும் வந்தார்கள்' என்பதன் மறுப்பு 'ஒருவராவது வரவில்லை' என்பதுதான். 'யாருமே வரவில்லை' என்று எடுத்துக்கொண்டால் சோதனையே பாழ்.

நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வில், இந்தக் கேள்விகள் வரும் வெர்பல் (மொழித்திறன்) பகுதிக்கு இப்போது 45 நிமிடத்தில் 23 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு 2 நிமிடத்துக்கும் குறைவு. பத்தியை நிதானமாகப் படிக்கச் செலவாகும் நேரம் ஆப்ஷன்களில் திரும்பக் கிடைத்துவிடும். இரண்டில் நின்றுவிட்டால் ஆப்ஷன்களையே மாறி மாறிப் படிக்காதீர்கள், முடிவு வாக்கியத்தை ஒருமுறை திரும்பப் படியுங்கள். அப்படியும் தெரியவில்லையா, ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். பகுதி முடியும்போது நேரம் மிச்சமிருந்தால் 3 விடைகள் வரை மாற்றிக்கொள்ள அந்தத் தேர்வு அனுமதிக்கிறது.

பயிற்சியில் தப்பான கேள்விகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். சரியான விடை ஏன் சரி என்று எழுதுவதைவிட, நீங்கள் எடுத்த தவறான விடை உங்களை எப்படி ஏமாற்றியது என்று ஒரு வரி எழுதுங்கள். தலைப்பு ஒத்திருந்ததா, எதிர்த்திசையா, பத்தியைவிட அதிகமாகப் பேசியதா? கொஞ்ச நாளில் ஒரே மாதிரி வரி திரும்பத் திரும்ப வர ஆரம்பிக்கும். அது எந்த வரி என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த பயிற்சியை அதை வைத்தே தீர்மானிப்போம்.