கதவுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38. சோழிங்கநல்லூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். பதினாறு ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். இப்போது ஓர் அமெரிக்க வங்கியின் பணப்பரிமாற்ற மென்பொருளில் வேலை. மனைவியும் இதே துறைதான், அவள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறாள். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

இரவு எட்டரை மணிக்கு இருந்த ஸ்டாண்ட்-அப் மீட்டிங் (குழுவினர் தினமும் கூடிப் பேசும் சிறு கூட்டம்), நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றியதும் ஒன்பதரைக்குப் போய்விட்டது. மகள் தூங்கும் நேரம் அது. போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் ஒரே தொகை இரண்டு முறை கழிந்துவிட்டது. இரண்டு புரோகிராம்கள் ஒரே நொடியில் ஒரே கணக்கைத் தொட்டதுதான் காரணம். அதைக் கண்டுபிடிக்க இரவு ஒரு மணி ஆனது. நடுவில் மகள் கதவைத் தட்டினாள், கத்திவிட்டேன். மறுநாள் பள்ளியில் அப்பாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னபோது, "என் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்" என்று எழுதியிருக்கிறாள். என்ன வேலை என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா என்ன?

வாசிப்பதற்கு எப்படி நேரம் ஒதுக்குவது? வேலையை விட்டுவிட்டு ஊரில் இருக்கும் இரண்டு ஏக்கரைப் பார்க்கப் போய்விடலாமா? செயற்கை நுண்ணறிவால் எப்படியும் வேலை போய்விடும் என்கிறார்களே?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

வந்து குவிந்த கடிதங்களுக்கு நடுவில் உங்களுடையதை முதலில் எடுத்துக்கொண்டதற்கு உங்கள் மகள் எழுதிய அந்த ஒரு வரிதான் காரணம். போன மாதம் அப்பாவின் திதிக்காக ஊருக்குப் போய்வந்ததிலிருந்து நானும் ஒரு கதவைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு ஏக்கரைப் பற்றி நீங்கள் கேட்டதை விட்டுவிடுகிறேன். களைத்தவர்கள் போய்ப் படுத்துக்கொள்ளும் இடமல்ல நிலம். கிணற்றுத் தண்ணீரையும் ஆள் கூலியையும் சந்தை விலையையும் நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். வேலை நேரம் தனி ஒருவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தீர்த்துக்கொள்ளக்கூடிய காரியம் அல்ல. 1918-ல் பெரம்பூர் நெசவாலைத் தொழிலாளர்கள் பி.பி. வாடியாவையும் திரு.வி.க.வையும் துணைக்கு வைத்துக்கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியதற்கு, நிம்மதியாகச் சோறு உண்ணும் அவகாசம்கூட மில்லில் கிடைக்காததும் ஒரு காரணம். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலைக்கான திருத்தம், பத்தே நாளில் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதும் பலர் சேர்ந்து எதிர்த்ததால்தான். உங்கள் ஒன்பதரை மணிக் கூட்டத்தை எட்டரைக்கு மாற்றச் சொல்லிக் குழுவிலுள்ள எல்லோரும் சேர்ந்து ஒரு முறையாவது கேட்டீர்களா?

ஒரு சொல்லை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. "அவள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறாள்" என்று மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கூட்டத்தைப் பற்றி நிமிடக் கணக்கோடு எழுதத் தெரிந்த உங்களுக்கு, அதே துறையில் அதே நேரக் குழப்பத்தோடு வேலை பார்க்கும் மனைவியின் நாள் "எப்படியோ" என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிட்டது. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய அந்த இரவில், அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தவர் யார், அவருக்கு மறுநாள் காலையில் என்ன வேலை இருந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்கு மேல் சொன்னால் கடுமையாகிவிடும்.

என் அப்பா செங்கோட்டைப் பாதையில், அது மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், ஒரு சிறிய ரயில் நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். பன்னிரண்டு மணி நேர டியூட்டி. இரவு டியூட்டி வாரங்களில் பகல் முழுவதும் குவார்ட்டர்ஸின் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். அம்மா தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது சத்தம் வராமலிருக்க அடியில் பழந்துணியை மடித்துப் போடுவாள். தங்கை சிரித்தால் வாயைப் பொத்துவாள். ஒரு முறை நான் பம்பரத்தைச் சிமெண்ட் தரையில் விட, எழுந்து வந்த அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் அதைப் பிடுங்கி வேப்பமரத்துக்கு அப்பால் வீசி எறிந்தார். அந்தக் கதவை நான் வெறுத்தேன். அதற்குப் பின்னால் எங்களைப் பிடிக்காத ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்றே ஏழு வயதில் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் இரவு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன பாயிண்ட்ஸ்மேனுடன் (தண்டவாளப் பாதையை மாற்றிவிடும் ஊழியர்) நானும் போனேன். அப்பா என்னைத் திருப்பி அனுப்பாமல் ஸ்டூலில் உட்கார வைத்தார். அடுத்த நிலையத்திலிருந்து மணி அடித்தது. அப்பா பதிலுக்கு அடித்துவிட்டுப் போனில் பேசினார், கருவியின் கைப்பிடியைத் திருப்பினார். உள்ளே உருண்டு வந்த இரும்புப் பந்து ஒன்று கீழே விழுந்தது. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சில்லென்று, நினைத்ததைவிடக் கனமாக, இரண்டு ஊர்களின் பெயர்கள் பொறித்து இருந்தது. "இந்தப் பந்து வெளியே இருக்கிறவரை இங்கேயும் இன்னொன்று எடுக்க முடியாது, அந்த ஸ்டேஷனிலும் எடுக்க முடியாது. இது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். இருப்பது ஒரே தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இதுதான்" என்றார். பிறகு அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு பாயிண்ட்ஸ்மேனிடம் கொடுத்தார். தீப்பந்த வெளிச்சத்தில் அவர் தூக்கிப் பிடித்த வளையத்துக்குள், நிற்காமல் போன எஞ்சினிலிருந்து ஒரு கை நுழைந்து அதை வாங்கிக்கொண்டு போனது. அப்பா அந்த வண்டியின் கடைசி விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பகலில் தங்கையின் வாயைப் பொத்தியது நான்தான். அப்பாவின் டியூட்டி நேரம் ஒரு நிமிடமும் குறையவில்லை, கோபமும் குறையவில்லை. ஆனால் கதவுக்குப் பின்னால் தூங்குகிறவர் இரவெல்லாம் எதற்காக விழித்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

இதை எழுதும்போதே உங்கள் கடிதத்தை மறுபடி படிக்கிறேன். இரண்டு புரோகிராம்கள் ஒரே நொடியில் ஒரே கணக்கைத் தொட்டுவிட்டன என்கிறீர்கள். பந்து இல்லாமல் இரண்டு வண்டிகள் ஒரே தண்டவாளத்தில் நுழைந்துவிட்டன, அவ்வளவுதானே? இதைத் தடுக்க நீங்கள் மென்பொருளில் போடும் பூட்டும் என் அப்பாவின் இரும்புப் பந்தும் செய்வது ஒரே வேலை. கணினி அறிவியல் கற்பிக்கும் என் நண்பர் ஒருவர் சொன்னது இது: இப்படிப்பட்ட மோதலைத் தவிர்ப்பதற்கென்று 1960-களில் ஒரு வழிமுறையை வகுத்த டச்சுக்காரர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா, அதற்குச் 'செமஃபோர்' என்று ரயில்வே சிக்னலின் பெயரைத்தான் வைத்தார். அந்தச் சிக்னலுக்குத் தென்மாவட்டங்களில் எழுதப்படிக்கத் தெரியாத கிழவிகளும் கைகாட்டி என்று பெயர் சொல்வார்கள். உங்கள் துறையின் முன்னோடி ஒருவர் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்ற கைகாட்டி மரத்திலிருந்து எடுத்த ஒன்றைத் தமிழில் சொல்ல முடியாது என்று எந்தத் துணிச்சலில் எழுதுகிறீர்கள்? முடியாமல் போவது தமிழால் அல்ல. சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே இல்லை.

உங்கள் ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் என்ன கேட்கிறார்கள்? நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எது தடையாக இருக்கிறது. இந்த மூன்று கேள்விகளுக்கும் கடல் தாண்டி இருக்கும், முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒருவருக்கு நாள் தவறாமல் பதில் சொல்கிறீர்கள். ஒரே வீட்டில், ஒரு பலகைக் கதவின் தூரத்தில் இருக்கும் மகளுக்கு ஒரு நாளாவது சொல்லியிருக்கிறீர்களா? அவள் கதவைத் தட்டியதுகூட ஏறக்குறைய அந்த மூன்று கேள்விகளைக் கேட்கத்தான். அவளுக்குப் புரியாது என்று முடிவு செய்தது நீங்கள். தனக்குத் தெரிந்ததை அவள் துல்லியமாக எழுதியிருக்கிறாள், கதவைத் தாண்டி எதையும் நீங்கள் காட்டாததால் அவளுடைய வரி கதவோடு நின்றுவிட்டது. அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

போன மாதம் நான் வந்த ரயில் அப்பாவின் நிலையத்தில் நிற்கவில்லை. அகலப் பாதை, வண்ண விளக்குகள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிவிட்டு உடனே உள்ளே இழுத்துக்கொண்டேன். எதிரில் இருந்த பெண் ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

வரும் சனிக்கிழமை உங்கள் குடியிருப்பின் நீண்ட வராந்தாவுக்கு மகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். மனைவியையும் கூப்பிடுங்கள், அவருக்கும் இந்த வேலை தெரியும். ஆளுக்கொரு முனையில் நிறுத்தி ஒரே ஒரு வளையலைக் கொடுங்கள். வளையல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் மறுமுனைக்கு ஓடலாம், போய்ச் சேர்ந்ததும் அங்கே நிற்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். நாலைந்து முறை ஓடிய பிறகு, வளையல் இல்லாமலேயே நீங்கள் எதிரே ஓடி வாருங்கள். அவள் உங்களைத் திட்டுவாள். அன்றைக்கு இரவு ஒரு மணி வரை அப்பா இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது சொல்லுங்கள். அவள் திரும்ப என்ன கேட்டாள் என்பதை எனக்கு எழுதுங்கள்.