ஜியு-ஜிட்ஸுல பேக் எடுத்தும் எதிராளி ஏன் நழுவிடறார்?

பேக் எடுத்த உடனே, அதாவது எதிராளி முதுகுப் பக்கம் போய்ப் பிடிச்ச உடனே, நழுவிடறாங்கன்னு கேட்டிருக்கீங்க, பெரும்பாலும் காலை மட்டும் நம்பி நெஞ்சை விட்டுடறதுதான் காரணம். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் போட்டிகள்ல ரெண்டு ஹூக்கும் (அவர் தொடை உள்பக்கம் கொக்கி மாதிரி மாட்டற உங்க பாதங்கள்) போட்டு 3 செகண்ட் பிடிச்சாத்தான் 4 பாயிண்ட், உண்மைதான், ஆனா ஒரு ஹூக் கழண்டாலும் உங்க நெஞ்சு அவர் முதுகுல பசை மாதிரி ஒட்டியிருந்தா திரும்பப் போட்டுக்கலாம்.

சீட்பெல்ட் பிடியில ஒரு கை தோளுக்கு மேல, இன்னொண்ணு அக்குளுக்குக் கீழ, மேல் கை மணிக்கட்டை கீழ் கை மூடிக்கணும், இல்லேன்னா முதல்ல அதைத்தான் பிடுங்குவார். சாயறப்போ மேல் கை பக்கமாவே சாயுங்க, அக்குள் பக்கம் சாஞ்சா அவர் முதுகைத் தரையில வெச்சு ஈஸியா திரும்பிடுவார். பாதத்தை மட்டும் அவர் முன்னாடி குறுக்கப் பின்னாதீங்க ப்ளீஸ், அவர் உங்க கணுக்காலை மடக்கி வலிக்க வைக்கற கணுக்கால் லாக் வாங்கிடுவீங்க.