ஸ்கூல் போர்டு உறுப்பினர் ட்ரென்டனில் என்ன பேச வேண்டும்?

தம்பி,

நியூஜெர்சிக்கு வந்த முதல் ஆண்டிலேயே ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் ஸ்கூல் போர்டின் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மகளின் பள்ளியில் வாசிப்புப் பயிற்சி ஆசிரியைகளைக் குறைக்கப்போகிறார்கள் என்றும், காரணம் கேட்டால் "மாநில நிதி குறைந்துவிட்டது, தலைநகர் ட்ரென்டனில் பேசிவருகிறோம்" என்று போர்டு உறுப்பினர்கள் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இது தட்டிக்கழிக்கும் பேச்சா, அவர்களால் உண்மையிலேயே எதையாவது மாற்ற முடியுமா, விசாவில் இருப்பவர்கள் இதில் தலையிடலாமா என்பது உங்கள் கேள்வி. எங்கள் ஊர் போர்டில் சில ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். பள்ளிச் செலவில் வாஷிங்டனின் பங்கு மிகச் சிறியது. மற்றதெல்லாம் ஊரின் சொத்து வரியும் மாநில நிதியுதவியும்தான். எந்த ஊருக்கு எவ்வளவு உதவி என்பதை 2008-ஆம் ஆண்டுப் பள்ளி நிதிச் சட்டத்தின் சூத்திரம் தீர்மானிக்கிறது. ஊரிலுள்ள சொத்துகளின் மதிப்பையும் மக்களின் வருமானத்தையும் வைத்து, அந்த ஊரே எவ்வளவு கட்ட முடியும் என்று அது கணக்கிடுகிறது. வீட்டு விலை ஏறினால், குடியிருப்பவரின் சம்பளம் ஏறாவிட்டாலும், ஊருக்கு வசதி வந்துவிட்டதாகவே கணக்கு காட்டும். 2018-இல் வந்த சட்டம், சூத்திரத்துக்கு மேல் வாங்கிவந்த ஊர்களின் உதவியை ஏழு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்தது. குறைந்ததை வரியில் ஈடுகட்டலாம் என்றால், 2010-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி வரி உயர்வுக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் என்று வரம்பு போட்டிருக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு, ஆனால் பெரிய பள்ளத்தை அவற்றால் மூட முடியாது. இரண்டு பக்கமும் கதவு அடைபட்ட பிறகு போர்டு செய்யக்கூடியது, எந்த ஆசிரியரை அனுப்புவது என்று முடிவெடுப்பது மட்டுமே.

ஆகவே ட்ரென்டனுக்குப் போய்ப் பேசுவது போர்டு உறுப்பினருக்கு ஓய்வு நேர வேலை அல்ல. உங்கள் மகளின் வகுப்பறையைத் தொடும் முடிவுகளில் பாதி அங்கேதான் எடுக்கப்படுகின்றன. பேசினால் பலன் உண்டு என்பதற்கு 2023 சாட்சி. அந்த மார்ச் தொடக்கத்தில் மாநில உதவிப் பட்டியல் வெளியானது. தொகை வெட்டப்பட்ட ஊர்களின் போர்டு உறுப்பினர்களும் பள்ளி நிர்வாகத் தலைவர்களான கண்காணிப்பாளர்களும் பெற்றோரும் சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் நெருக்கினார்கள். ஏப்ரல் தொடக்கத்திலேயே, வெட்டியதில் 66 சதவீதத்தைத் திருப்பித் தரும் சட்டம் கையெழுத்தானது. மொத்தம் சுமார் 10 கோடி டாலர். சூத்திரம் அப்போது மாறவில்லை. ஆனாலும் பல பள்ளிகளில் அந்த ஆண்டு ஆசிரியர்கள் தப்பினார்கள்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தனி உறுப்பினருக்கு இங்கே எந்த அதிகாரமும் கிடையாது. அதிகாரம் முழுவதும் கூடி வாக்களிக்கும் போர்டுக்கே உரியது. மாநிலத்தின் நெறிமுறைச் சட்டமும் இதில் கண்டிப்பானது: போர்டு தீர்மானம் இல்லாத விஷயத்தில் பேசும் உறுப்பினர், இது என் சொந்தக் கருத்து என்று தெளிவுபடுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். ஆகவே உங்கள் ஊர் உறுப்பினர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதுபற்றித் தீர்மானம் போட்டிருக்கிறீர்களா?" என்பதுதான். பொதுக்கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானத்தின் நகல் ஆளுநருக்கும் உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் போயிருந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவருடைய குரல் ஊரின் குரலாகிறது. தீர்மானமே இல்லை என்றால், "பேசிவருகிறோம்" என்பதை நான் அவ்வளவாக நம்பமாட்டேன்.

யாரிடம் பேசுவது? மாநிலம் 40 தொகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மாநில மேலவைக்கு ஒரு செனட்டர், கீழவைக்கு இரண்டு அசெம்பிளி உறுப்பினர்கள். இவர்களில் பலருக்கு வேறு தொழிலும் உண்டு, சட்டமன்றம் முழுநேர வேலை அல்ல. கல்விச் சட்டத்தின் நுணுக்கம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தொகுதி அலுவலகத்தில் இருக்கும் உதவியாளர்தான் முதலில் விஷயத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். அவரை யாரோ ஒரு குமாஸ்தா என்று நினைத்து ஒதுக்கும் உறுப்பினர்களைப் பார்த்திருக்கிறேன். மசோதா குழுவுக்கு வருகிற அன்று காலையில் "இதில் உங்கள் ஊருக்கு என்ன பாதிப்பு?" என்று தொலைபேசியில் கேட்கப்போகிறவர் அவர்தான்.

சந்திப்பு பெரும்பாலும் கால் மணி நேரம்தான். எங்கள் போர்டிலிருந்து போனபோது ஒரே ஒரு தாள் எடுத்துப் போவோம். மேலே மசோதாவின் எண். அதன் கீழே நம் ஊருக்குக் குறையும் தொகை, அந்தத் தொகைக்கு எத்தனை ஆசிரியர்கள், எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில். கடைசி வரியில் கோரிக்கை, ஒன்றே ஒன்று: இந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களியுங்கள், அல்லது இந்தப் பிரிவை இப்படித் திருத்துங்கள். கல்வியின் மேன்மையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறவர்களைச் சட்டமன்றத்தினர் நாள்தோறும் பார்க்கிறார்கள், அதைக் கேட்டுத் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். எண்ணோடும் ஊர்ப் பெயரோடும் வருகிறவரை அப்படி அனுப்ப முடியாது.

தாளைவிட வலுவானது பள்ளிக்கே அழைத்துவருவது. கண்காணிப்பாளர் வழியாக முறைப்படி ஏற்பாடு செய்து, எங்கள் அசெம்பிளி உறுப்பினர் ஒருவரை ஓர் ஆரம்பப் பள்ளிக்கு வரவழைத்தோம். பொருள் வைக்கும் சிறு அறையைக் காலி செய்து, அதில்தான் பேச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் பழைய அலமாரியின் ஆணித் துளைகள் அப்படியே இருந்தன. முழங்கால் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பையன் "ர" ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவதை அவர் பார்த்தார். சிறப்புக் கல்விக்கு மாநிலம் ஈடுசெய்யும் தொகையைப் பற்றி அதற்கு முன் பலமுறை மின்னஞ்சல் அனுப்பியிருந்தோம். அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தது அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான். சிறப்புக் கல்வியில் வாஷிங்டனிடமும் நமக்கு நியாயமான கோரிக்கை உண்டு. ஒரு மாணவருக்கான தேசியச் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்த அளவை இன்றுவரை தொட்டதில்லை.

காலம் தவறினால் எல்லாம் வீண். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஆளுநர் பட்ஜெட் உரை நிகழ்த்துவார் (இங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி நடத்துபவர்). ஓரிரு நாளில் ஊர்வாரியாக உதவித்தொகை வெளியாகும். பிறகு இரு அவைகளின் பட்ஜெட் குழுக்களும் பொது விசாரணை நடத்தும். மாநில நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. பட்டியல் வந்த பிறகு அலறுவது பெரும்பாலான போர்டுகளின் வழக்கம். இலையுதிர் காலத்திலேயே, எதுவும் கேட்பதற்கு முன்பே, உங்கள் தொகுதியின் செனட்டர், அசெம்பிளி உறுப்பினர்கள் என மூன்று பேரையும் அவர்களுடைய தொகுதி அலுவலகத்தில் போய்ப் பார்ப்பதே சரியான முறை. மார்ச்சில் அறிமுகமில்லாத முகமாகப் போய் நிற்பதற்கும் தெரிந்த முகமாகப் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. உதவி குறைந்த ஊர்களில் "நுவார்க், கேம்டன் பிள்ளைகளுக்கு நம் வரிப் பணம் ஏன்?" என்ற பேச்சு எழும். நம்மவர் சிலரும் அதற்குத் தலையாட்டுகிறார்கள். அபட் வழக்கில் 1990-இல் மாநில உச்ச நீதிமன்றம், நுவார்க், கேம்டன் போன்ற ஏழை நகரங்களின் பள்ளிகளுக்கு வசதியான ஊர்களுக்கு இணையாகச் செலவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது நியாயமான தீர்ப்பு. நம் ஊருக்குக் கேளுங்கள், சூத்திரத்தின் பிழையைச் சுட்டிக்காட்டுங்கள், ஆனால் அடுத்த ஊர்ப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்கும் போர்டுக்கு ட்ரென்டனில் கூட்டாளிகளும் கிடைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்களின் போர்டுகள் சேர்ந்து ஒரே கோரிக்கையை வைக்கும்போதுதான் அது நகர்கிறது.

பணம் மட்டுமல்ல, பாடத்திட்டமும் இப்படித்தான் மாறுகிறது. ஆசிய அமெரிக்கர்களின் வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்ற சட்டம் 2022 ஜனவரியில் இங்கே வந்தது. பள்ளி மாணவர்களும் பெற்றோரும் அதற்காகக் குரல் கொடுத்தார்கள்.

இனி நீங்கள். போர்டில் போட்டியிடவும் வாக்களிக்கவும் குடியுரிமை வேண்டும். தேர்தல் நன்கொடை எச்1பி விசாவில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி தடை, கிரீன் கார்டு வந்த பிறகுதான் தரலாம். யாராவது நிகழ்ச்சி டிக்கெட் என்று வற்புறுத்தினாலும், அது கட்சி நிதி திரட்டலாக இருந்தால் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாமே உங்களுக்குத் திறந்திருக்கிறது: போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் நேரத்தில் பேசலாம், சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதலாம், பட்ஜெட் விசாரணையில் சாட்சியம் சொல்லலாம்.

உங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகத்தின் இணையதளத்தில் எளிய வடிவப் பட்ஜெட் இருக்கும், சட்டப்படி வெளியிட்டே ஆக வேண்டும். அதை எடுத்துப் படியுங்கள். வாசிப்புப் பயிற்சியால் மகளுக்கு என்ன மாறியது என்று அரைப் பக்கம் எழுதி, ட்ரென்டனில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அனுமதியோடு போர்டு உறுப்பினரிடம் கொடுங்கள். அவரிடம் எண்கள் இருக்கும், இது இருக்காது. தொகுதி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது உதவியாளர் முகவரி கேட்பார். தெருப் பெயரையும் அஞ்சல் எண்ணையும் சொல்லுங்கள். வாக்காளரா என்று கேட்டால் மறைக்காமல், "இல்லை, இந்தத் தொகுதியில் வசிக்கிறேன், என் மகள் இங்கே படிக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, மசோதா எண்ணைக் கொடுங்கள்.